உஷார்! எலுமிச்சை பிழிந்துவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடாது

கத்திரி வெயில் வந்துவிட்டால் காவிரி டெல்டாவில் எலுமிச்சைக்கு ஓய்வே கிடையாது. வீட்டுக்கு வீடு சர்பத், கோயிலுக்குக் கோயில் பானகம், கடைத்தெரு முனையில் கட்சிக்கொரு தண்ணீர்ப் பந்தல். நன்னாரிப் பாகு ஒரு கரண்டி, அரை மூடி எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, மேலே ஒரு துண்டு ஐஸ். வயலிலிருந்து கரையேறி வருகிறவருக்கு அதைவிடத் தேவாமிர்தம் வேறு ஏது? குடிக்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எப்படிக் கலக்குகிறோம் என்பதைப் பார்த்துப் பதறித்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பந்தலில் நடந்தது இது. தெருக்குழாயிலிருந்து ஹோஸ் போட்டு அண்டாவை நிரப்புகிறார்கள். பாதிகூட நிறையவில்லை, ஒரு பெரியவர் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பையன் கேட்டான்: "பெரியப்பா, தண்ணியக் காய்ச்ச வேணாமா?" அவர் சிரித்தார். "அதான் எலுமிச்சம்பழம் பிழியப்போறோம்ல! அந்தப் புளிப்புல எந்தப் பூச்சிடா உசிரோட இருக்கும்?" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பயப்பட வேண்டியது அந்தத் தலையாட்டலுக்குத்தான். புளிப்பு கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போயிருக்கிறது. முழுப் பொய் என்றால் என்றோ உதிர்ந்திருக்கும். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் ஆபத்து.

அந்தக் கொஞ்ச உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலராவை உண்டாக்கும் விப்ரியோ கிருமிக்குப் புளிப்பு ஆகாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவ் நாட்டில் 1990-களில் காலரா பரவியபோது, சாப்பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சரி. ஆனால் அங்கே சோற்றோடு கெட்டியாகச் சேர்ந்த சாற்றையும், இங்கே ஒரு அண்டா தண்ணீரில் பிழிகிற ஒரு கைப்பிடிப் பழத்தையும் ஒன்றாக வைத்துப் பேச முடியுமா? பந்தல் சர்பத்தில் எலுமிச்சை வாசனைக்குத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் பல இடங்களில் காரத்தன்மை அதிகம். விழுகிற புளிப்பில் ஒரு பகுதியை அந்தத் தண்ணீரே முறித்துவிடும். கிருமி சாக நேரமும் வேண்டும். நாமோ பிழிந்து, கலக்கி, ஐஸைப் போட்டு, அதே நிமிஷத்தில் தம்ளரை நீட்டுகிறோம்.

தண்ணீரில் வருவது காலரா மட்டுமா? மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் நம் வயிற்றில் சுரக்கும் அமிலத்தையே தாண்டி உள்ளே போகிற கிருமி. சீதபேதிக்குக் காரணமான அமீபாவும் கெட்டியான உறைக்குள் இருந்துகொண்டு அதே அமிலத்தைக் கடந்துவிடும். வயிற்று அமிலத்துக்கே மசியாதவற்றை அரை மூடி எலுமிச்சை என்ன செய்துவிடப் போகிறது?

இன்னொரு விஷயம் இதைவிட மோசம். பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ குளோரின் போட்டுத்தான் தண்ணீர் விடுகிறார்கள். குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும், நோய் பரவும் காலத்தில் அதற்கு மேலும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த மிச்சக் குளோரின்தான் வழியில் சேரும் அழுக்கிலிருந்து நமக்குக் காவல். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி அந்தக் குளோரினை முறித்துவிடும். கிருமியைக் கொல்வதாக நினைத்துப் பிழிகிற பழம், கிருமியைக் கொன்றுகொண்டிருந்த மருந்தைக் காலி செய்கிறது. குளோரின் மாத்திரை போட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை போட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீரைத் தொடாதீர்கள். அதற்கப்புறம்தான் எலுமிச்சையை எடுக்க வேண்டும்.

"இந்தக் காலத்தில் காலராவா?" என்று யாராவது கேட்டால், காரைக்காலைக் காட்டுங்கள். எங்கோ தூர தேசம் அல்ல அது. அரசலாறு கடலில் சேருகிற இடம், நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், நம் டெல்டாவுக்குள் இருக்கும் புதுச்சேரி மண். 2022 ஜூலை முதல் வாரத்தில் புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் உறுதியானது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஊரெங்கும் சொன்னார்கள். எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டு மாவட்டங்களும் உஷார்ப்படுத்தப்பட்டன. மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரே கூடித் தண்ணீரும் பானகமும் கொடுக்கிற நேரம்.

ஒரு தலைமுறைக்கு முன் "வாந்திபேதி" என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டிகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தப் பயம் நமக்கு விட்டுப்போய்விட்டது. கிருமி நம்மை விட்டுப்போகவில்லை.

தண்ணீர் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் நீரேற்று நிலையத்தில் கெடுவதில்லை, தெருவில் கெடுகிறது. நம் ஊர்களில் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், விரிசல் வழியாக உள்ளே இருப்பது வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் கதை தலைகீழ். வெளியே இருப்பதை விரிசல் உள்ளே இழுக்கும். அந்தக் குழாய் சாக்கடையை ஒட்டிப் போகிறதென்றால் இழுப்பது எதை என்று சொல்ல வேண்டுமா? இதில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம். நம் வீட்டுத் தொட்டி சீக்கிரம் நிறையும் என்ற ஒரே கணக்குதான். அந்த உறிஞ்சலில் தெருச் சாக்கடையும் குழாய்க்குள் வரும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தம்ளருக்கும் போகும். சட்டப்படி அது குற்றம் என்பது இருக்கட்டும். தெரிந்து செய்தால் பாவம்.

டெல்டாவுக்கென்று தனியாக ஒரு காலக்கணக்கும் உண்டு. ஜனவரி கடைசியில் மேட்டூர் அணையை மூடினால், வழக்கப்படி ஜூன் 12 வரை வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். அவ்வளவு நாள் கரையில் சேர்ந்த குப்பை, கழிவு எல்லாவற்றையும் முதல் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும். ஆற்றில் புது வெள்ளம் வந்த சந்தோஷத்தில் நாம் இருக்கிற அதே நாட்களில் போரும் கிணறும் கலங்கும். வாய்க்காலை ஒட்டி அடிபம்பு, அடிபம்பை ஒட்டிக் கழிப்பறைத் தொட்டி என்று வீடு கட்டியிருப்பவர்கள் ஆனி, ஆடி இரண்டு மாதமும் காய்ச்சாத தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது. கேன் தண்ணீர் வாங்கினால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். மூடியில் முத்திரை இருக்கிறதா, உரிம எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டியில் வைத்தே குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீரைக் காய்ச்சியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த குழி ஐஸ்.

ஐஸ் பெட்டிக்குப் போன கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். சாகாது. அசையாமல் கிடக்கும், அவ்வளவுதான். டைபாய்டு கிருமி உறைபனிக்குள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஐஸ் உருகி சர்பத்தில் கலந்ததும் மறுபடி எழுந்துகொள்ளும்.

வீட்டு ஃபிரிட்ஜில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றி உறையவைத்த ஐஸ் என்றால் பிரச்சினை இல்லை. விசேஷத்துக்கும் பந்தலுக்கும் அது பத்தாதே. அப்போது என்ன செய்கிறோம்? பார் ஐஸ் வாங்குகிறோம். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், நாகப்பட்டினம், காரைக்கால் என்று நம் கடற்கரை நெடுகப் படகுக்கு ஐஸ் தேவை. மீனைப் பாதுகாக்கச் செய்கிற ஐஸ் குடிக்கிற தண்ணீரில்தான் உறைந்தது என்று சொல்ல முடியாது. மீனுக்கு எப்படியோ. மனிதனுக்கு?

இதற்காகத்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூன் 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. உண்ணத் தகாத ஐஸ் நீல நிறத்தில் இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட நீலச் சாயத்தை மிகச் சிறிய அளவில் தண்ணீரில் கலந்தே உறையவைக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் இது மீனுக்கு, இது மனிதனுக்கு என்று தெரிந்துவிடும். அருமையான விதி. கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஊர்ச் சந்தையில் நீல ஐஸைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பார்த்ததே இல்லை என்றால், வெள்ளையாக இருப்பதெல்லாம் குடிக்கத் தகுந்தது என்று எந்த நம்பிக்கையில் வாங்குகிறீர்கள்?

அந்த ஐஸ் பந்தலுக்கு வந்து சேரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரச் சாக்கில் சுற்றிச் சரக்கு ஆட்டோவில் வருகிறது. நேற்று அந்தச் சாக்கில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பந்தல் வாசலில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் இறக்குகிறார்கள். செருப்புக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கடப்பாரை நுனியால் குத்துகிறார்கள். தெறித்து மண்ணில் விழுந்த துண்டைப் பொறுக்கி, ஒரு மக்குத் தண்ணீரில் அலசி, அண்டாவுக்குள் போடுகிறார்கள். அடியில் தங்கும் மண்ணை வடிகட்டிவிடலாம். மண்ணோடு வந்ததை எதைக் கொண்டு வடிகட்டுவீர்கள்?

பழத்தைக் கழுவுகிறவர்களும் குறைவு. தோலைத் தின்னப்போவதில்லையே என்று நினைக்கிறோம். வெட்டும்போது கத்தி தோலில் இருப்பதை உள்ளே கொண்டுபோகும், பிழியும்போது சாறு தோலின் மேல் வழிந்துதான் அண்டாவில் விழும். அமெரிக்காவில் 21 உணவகங்களில் தம்ளர் விளிம்பில் செருகித் தந்த 76 எலுமிச்சைத் துண்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பத்துக்கு ஏழு துண்டில் நுண்ணுயிர் வளர்ந்தது. புளிப்பான பழத்தின் மேலேயே அவை சுகமாக இருக்கின்றன என்றால், பழச்சாறு நாலு சொட்டு விழுந்த தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சப்ஜா விதையை எந்தத் தண்ணீரில் ஊறவைக்கிறீர்கள் என்றும் யோசியுங்கள். சர்பத்துக்குக் காய்ச்சிய தண்ணீர், விதைக்குக் குழாய்த் தண்ணீர் என்று செய்தால் பட்ட பாடு வீண். ஊறாத விதையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் போய் உப்பிக்கொள்ளும்.

அடுத்தது பாத்திரம். இது தஞ்சாவூர்க்காரர்களுக்கும் கும்பகோணத்துக்காரர்களுக்கும் என்றே உள்ள ஆபத்து. பித்தளையும் செம்பும் நம் ஊர்ப் பெருமை. கும்பகோணம் பாத்திரக்கடைத் தெருவில் வாங்கிய அண்டாவும் தவலையும் இல்லாத கல்யாண வீடு உண்டா? ராமநவமிப் பானகத்தை அந்த அண்டாவில்தான் கலக்குகிறோம். பானகம் என்றால் வெல்லம், சுக்கு, ஏலக்காய், கூடவே எலுமிச்சை. உள்ளே ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்புப் பட்டால் தாமிரம் கரையும். காலையில் கலக்கி மத்தியானம் வரை வைத்திருந்தால் தாராளமாகக் கரையும். குடித்த சிறிது நேரத்துக்குள் வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், வாந்தி. சாமி பிரசாதம் குடித்துப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தால் நாம் பல்லியைத் தேடுவோம். அண்டாவின் உட்பக்கத்தைப் பார்க்க மாட்டோம்.

முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். மண்ணில் குழி தோண்டிக் கரி அடுப்பு மூட்டி, துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சுடவைப்பார். நவச்சாரத்தை உள்ளே தூவியதும் வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கில் ஏறும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயக் கம்பியால் ஒரு கோடு இழுத்து, பஞ்சால் ஒரே சுழற்றாகத் துடைப்பார். பித்தளை மஞ்சள் மறைந்து வெள்ளி மாதிரி மின்னும். அந்த வெள்ளைப் பூச்சுதான் நமக்கும் தாமிரத்துக்கும் நடுவே இருந்த சுவர். இன்றைக்கு அவர் வருவது அரிதாகிவிட்டது. பரணிலிருந்து இறக்கிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு அப்படியே பானகம் கலக்குகிறோம். உட்பக்கம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் அதில் எலுமிச்சை படவே கூடாது. ஈயம் பூசக் கொடுத்தாலும் தெரிந்த ஆளிடம், சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுக் கொடுங்கள். மலிவுக்காகக் காரீயம் கலந்து பூசிவிட்டால் தாமிரத்தைவிடப் பெரிய விஷத்தை வீட்டுக்குள் கூட்டிவந்ததாகிவிடும். காரீயம் குழந்தைகளின் மூளையைத்தான் தாக்கும்.

செம்பு பாட்டிலில் தண்ணீர் குடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. வெறும் தண்ணீர் என்றால் பரவாயில்லை. அதிலேயே எலுமிச்சையும் தேனும் கலந்து ஆபீசுக்கு எடுத்துப்போகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அலுமினிய அண்டாவும் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இவை போதும். பந்தலில் நிற்கும் நீல டிரம்மில் முன்பு என்ன ரசாயனம் வந்தது என்று தெரியாவிட்டால் அதில் கை கழுவும் தண்ணீரைக்கூட வைக்காதீர்கள்.

இனி சொல்லப்போவதைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிழியாதீர்கள்.

நம் ஊர் எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் சோரலின் என்ற வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. கையில் அது பட்டு, அந்தக் கையில் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது. மறுநாள் சிவக்கும், எரியும். இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கட்டும். கொப்புளம் வற்றினாலும் கருப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். திருவிழாவில் கூடை கூடையாகப் பழம் பிழிகிற இளைஞர்கள் மறுநாள் கையைப் பார்த்து, சுண்ணாம்பு பட்டிருக்கும், பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழந்தையின் கன்னத்தில் எலுமிச்சைக் கை பட்டு, விரல் விரலாக வெந்த தடம் விழுந்தால், யாரோ அடித்திருக்கிறார்கள் என்றுகூடச் சந்தேகம் வரும். நிழலில் உட்கார்ந்து பிழியுங்கள். எழுந்து வெயிலுக்குப் போகுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது.

2012-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலுமிச்சையையும் வெயிலையும் சேர்த்துத் தண்ணீரைச் சுத்திகரிக்க முடியுமா என்று பார்த்தார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 மில்லி சாறு ஊற்றி அரை மணி நேரம் வெயிலில் வைத்ததும் இகோலை பாக்டீரியா குறைந்தது. தோலைச் சுடும் அந்தச் சோரலின்தான் அங்கே கிருமியையும் சுடுகிறது. ஆனால் வைரஸ் விஷயத்தில் அது அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. வாட்ஸாப்பில் யாராவது இதைப் பாதியாக வெட்டி "எலுமிச்சை தண்ணீரைச் சுத்தம் செய்கிறது, அமெரிக்கா ஒப்புக்கொண்டது" என்று அனுப்பினால் மீதிப் பாதியை நீங்கள் சொல்லுங்கள்.

பாகு காய்ச்சி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மகளிர் குழுக்கள் எலுமிச்சை, நன்னாரிப் பாகு செய்து விற்பது நல்ல தொழில். கெடாமலிருக்கப் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட் போடுகிறவர்கள் கையால் கிள்ளிப் போடாதீர்கள். ஸ்குவாஷுக்குச் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 350 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு. மெட்டா பை சல்பைட்டாகப் பார்த்தால் கிலோவுக்கு 0.6 கிராம் அளவுதான் வரும். ஒரு தேக்கரண்டி போட்டால் பல மடங்கு தாண்டிவிடும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலே வந்துவிடும். நகைக்கடைத் தராசு போலச் சின்ன எடை பார்க்கும் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற நிப்டெம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகப் பிறந்து இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பயிற்சியும் பரிசோதனைக்கூடமும் அங்கே உண்டு. போய்க் கேளுங்கள்.

சரி, எப்படித்தான் கலக்குவது? தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் போதும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள், வேறு குடத்துக்கு மாற்றாதீர்கள். ஐஸுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரையே மூடிய பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிடலாம், புது மண்பானையை வெந்நீரில் அலசிவிட்டு அதிலும் ஊற்றலாம். மொள்ளுவதற்கு நீளக் காம்பு கரண்டி வையுங்கள், தம்ளரோடு கையை உள்ளே விடாதீர்கள். பழத்தையும் கத்தியையும் கையையும் கழுவுங்கள். பிழிந்து வைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பந்தல் போடுகிறவர்கள் முந்தின நாள் ராத்திரியே தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் மறுநாள் ஐஸே தேவைப்படாது. 2028-ல் கும்பகோணத்துக்கு மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கான ஜனம் வரும், தெருவுக்குத் தெரு பானகப் பந்தல் முளைக்கும். அப்போதைக்கு இப்போதே பழகிக்கொள்வது நல்லது. சந்தேகமான ஐஸ், சாயம் தூக்கலான பாகு எங்கே கண்டாலும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸாப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்புங்கள்.

வயலில் யாராவது வெயிலில் மயங்கி விழுந்தால் சர்பத்தை வாயில் ஊற்றப் பார்க்காதீர்கள். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில்தான் இறங்கும். நிழலுக்குத் தூக்கிப்போய், துணியை நனைத்து உடம்பெல்லாம் போட்டு, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, என் நெஞ்சை அதிகம் பதறவைக்கிற விஷயம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் "தெம்பா இருக்கட்டும்" என்று எலுமிச்சை சர்பத் கொடுக்கிற அம்மாக்களே, அப்பத்தாக்களே, நிறுத்துங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. கூடவே 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். நாம் கலக்குகிற சர்பத்தில் ஒரு தம்ளரிலேயே அந்த ஒரு லிட்டரைவிடச் சர்க்கரை அதிகம். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால், உடம்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். பேதி நிற்காது, கூடும். குழந்தை இன்னும் வற்றும்.

அந்த 13.5 கிராம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு அல்ல. குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். 1971-ல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து, தாய்மார்கள் கையில் குவளையைக் கொடுத்து, குடிக்கவையுங்கள் என்றார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த அளவைக் கலைத்துவிட்டு நம் இஷ்டத்துக்குச் சர்க்கரையைக் கொட்டக் கூடாது.

கடையில் வாங்கும்போதும் உஷார். பழச்சாறுப் பெட்டி மாதிரியான பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடையிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானம் எதுவும் அந்தப் பெயரைச் சூடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். ஒரு பொட்டலத்தை ஒரே லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்குங்கள், பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள், 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கைக்கு வரும் வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் உப்பு கூடினால்கூட ஆபத்து என்பதால் கண் அளவு வேண்டாம். துத்தநாக மாத்திரை கொடுத்தால், பேதி நின்றாலும் 14 நாள் முழுசாகக் கொடுங்கள்.

மலம் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெள்ளையாகப் பீய்ச்சியடித்தால் காலராவாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், அல்லது பிள்ளை துவண்டு குடிக்கவே மறுத்தால், 108. வண்டி வரும் வரையிலும், வண்டிக்குள்ளும், விழித்திருக்கிற குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.